கற்றல் குறைபாடு டெஸ்ட் ரிப்போர்ட் கையில்... பள்ளி மீட்டிங்குக்கு முன் பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும்? முழு விளக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாதசுவாமி கோயில் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு 10 வயது, 5ஆம் வகுப்பு. "வாயால கேட்டா எல்லாம் சொல்றான், எழுதச் சொன்னா ஒண்ணும் வரமாட்டேங்குது. ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கம்மா" என்று வகுப்பு டீச்சர் சொல்ல, மதுரைக்குக் கூட்டிப்போய் உளவியல் நிபுணரிடம் காட்டியாகிவிட்டது. 6 பக்க ரிப்போர்ட் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பள்ளியில் மீட்டிங். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம், நடுவே கட்டம் கட்டமாக எண்கள், கடைசியில் கையெழுத்தும் சீலும்.

"98னு போட்டிருக்கே, நூத்துக்கு 98ஆ?" என்கிறார் அப்பா. "அப்படித் தெரியலங்க. கீழே இன்னொரு இடத்துல 4னு போட்டிருக்கு" என்கிறார் அம்மா.

குடும்பம் கற்பனைதான். ஆனால் இந்தக் குழப்பம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்றில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ளாமல் மீட்டிங்கில் போய் உட்கார்ந்தால், பள்ளி சொல்வதுதான் முடிவு. "ஸ்லோ லேர்னர்", "ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடுங்க", "வீட்ல நல்லா எழுத வைங்க" என்று மூன்றில் ஒன்றைக் கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். புரிந்துகொண்டு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

எந்தப் பெயரில் வருகிறது இந்தக் குறைபாடு?

சட்டத்தில் இதன் பெயர் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'. ரிப்போர்ட்டில் எஸ்.எல்.டி. என்று சுருக்கமாக இருக்கும். வாசிப்பதில் சிரமம் என்றால் டிஸ்லெக்ஸியா, எழுதுவதில் என்றால் டிஸ்கிராஃபியா, கணக்கில் என்றால் டிஸ்கால்குலியா. ஒரே பிள்ளைக்கு இரண்டு சேர்ந்தும் இருக்கலாம்.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்தான் பட்டியலை 21 ஆக்கி, இதையும் சேர்த்தது. இன்றைய பெற்றோர் பள்ளியில் படித்த காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு 'மக்கு', 'சோம்பேறி' என்று இரண்டே பெயர்கள்தான் இருந்தன.

மருத்துவ உலகுக்கு இது புதிதும் இல்லை. 1896லேயே பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர், வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று ஆசிரியர் கருதியதையும் அதில் குறிப்பிட்டிருந்தார். மடவார் வளாகத்துப் பையனைப் பற்றி டீச்சர் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

ரிப்போர்ட்டில் முதலில் எதைத் தேட வேண்டும்?

ஐ.க்யூ எண்ணைத் தேடத்தான் கண் போகும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. கண், காது பரிசோதனை நடந்ததா? போர்டில் இருப்பது தெரியாத பிள்ளையும், கடைசி பெஞ்சில் டீச்சர் குரல் சரியாகக் கேட்காத பிள்ளையும் வாசிப்பில் பின்தங்கத்தான் செய்யும். மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. முதலில் குழந்தைகள் நல மருத்துவர் நரம்பு, பார்வை, செவித்திறனைப் பார்க்க வேண்டும். அடுத்து நுண்ணறிவுச் சோதனை. அதன் பிறகுதான் கற்றல் குறைபாட்டுக்கான தனிச் சோதனை.

சோதனை செய்தவர் யார் என்பதும் முக்கியம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ரிஹாபிலிடேஷன் சைக்காலஜிஸ்ட் போன்றவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். கையெழுத்துக்குக் கீழே அந்தப் பதிவு எண் இருக்கும். இல்லையென்றால் மீட்டிங்குக்கு முன்பே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. பள்ளி அதைக் காரணம் காட்டி ரிப்போர்ட்டை ஓரம் கட்ட வாய்ப்பு இருக்கிறது.

98 என்றால் என்ன? 4 என்றால் என்ன?

இனி எண்களுக்கு வரலாம். பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

நுண்ணறிவுச் சோதனைகளில் 100 என்பது முழு மார்க் கிடையாது. அது சராசரி. அதே வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளையின் எண் 100. சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் நடுவில் வந்துவிடுவார்கள். ஆகவே மடவார் வளாகத்துப் பையனின் 98 என்பது, "நம்ம பையன் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்" என்று சொல்கிறது. அப்பா நினைத்த நூற்றுக்கு 98ம் இல்லை, கவலைப்பட வேண்டிய எண்ணும் இல்லை.

இந்தியாவில் பரவலாகப் பயன்படும் மாலின் நுண்ணறிவுச் சோதனையில், அதாவது 'மிஸிக்' டெஸ்ட்டில், மொழி சார்ந்த பகுதி ஒன்று, கையால் செய்துகாட்டும் பகுதி ஒன்று என இரண்டு இருக்கும். முதலாவதில் சொற்பொருள், பொது அறிவு மாதிரியான கேள்விகள். இரண்டாவதில் கட்டைகளை அடுக்குவது, விடுபட்ட படத்தைக் கண்டுபிடிப்பது மாதிரியான வேலைகள். மொழிப் பகுதி 86, செயல் பகுதி 110 என்று வந்திருந்தால், இரண்டையும் கூட்டி வகுத்த 98 மட்டும் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. அந்த இடைவெளி ஏன் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது அந்த 4. இது பெர்சென்டைல். பெர்சென்ட் வேறு, பெர்சென்டைல் வேறு. 4வது பெர்சென்டைல் என்றால் 100க்கு 4 மார்க் எடுத்தான் என்று அர்த்தம் இல்லை. அதே வயதுள்ள 100 பிள்ளைகளை வாசிப்பில் வரிசைப்படுத்தினால், கீழே இருந்து 4வது இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்று அர்த்தம். சராசரியான 100 என்ற எண் 50வது பெர்சென்டைல். 85 என்பது சுமார் 16வது. 70 என்பது சுமார் 2வது. 98க்கு 45 வரும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொதுத் திறமையில் 45வது இடத்தில் நிற்கும் பிள்ளை, வாசிப்பில் 4வது இடத்தில் நிற்கிறது. இந்தப் பள்ளம்தான் மொத்த ரிப்போர்ட்டின் செய்தி. மீட்டிங்கில் சொல்ல வேண்டிய வாக்கியமும் இதுதான்: "சார், இவனுக்குப் புரியுது. புரிஞ்சதை வாசிச்சும் எழுதியும் காட்டத்தான் முடியல."

சில ரிப்போர்ட்டுகளில் பெர்சென்டைல் இருக்காது. அதற்குப் பதில் 'எந்த வகுப்பு அளவில் இருக்கிறது' என்று போட்டிருப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனையில் கவனம், வாசிப்பு, ஸ்பெல்லிங், புரிதல், கணக்கு, பார்த்து வரைவது, நினைவாற்றல் எனப் பல பகுதிகள் உண்டு. 5 முதல் 7 வயதுக்கு ஒன்று, 8 முதல் 12 வயதுக்கு ஒன்று என இரண்டு நிலைகள். அரசு வழிகாட்டுதலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட சோதனை இது.

மடவார் வளாகத்துப் பையனின் ரிப்போர்ட்டில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: வாசிப்பு 2ஆம் வகுப்பு அளவு, ஸ்பெல்லிங் 1ஆம் வகுப்பு அளவு, கணக்கு 4ஆம் வகுப்பு அளவு, வாசித்துக் காட்டினால் புரிந்துகொள்வது 5ஆம் வகுப்பு அளவு. இதைப் பார்த்தவுடன் "அப்போ இவன் ரெண்டாம் வகுப்புக்குத்தான் லாயக்கு" என்று யாராவது சொன்னால் அது தவறு. நான்கு எண்களில் கடைசி எண் வேறு சொல்கிறது. காது வழியாகப் போகும் பாடம் 5ஆம் வகுப்பு அளவிலேயே உள்ளே போகிறது. கண் வழியாகப் போவதில்தான் தடை. அவனை 2ஆம் வகுப்பில் உட்கார வைத்தால் அறிவியலும் சமூக அறிவியலும் 3 வருடம் பின்னால் போய்விடும், வாசிப்பும் தானாகச் சரியாகிவிடாது.

ஒரு எச்சரிக்கை. எந்தச் சோதனை எண்ணும் கல்வெட்டு கிடையாது. காய்ச்சலோடு போயிருந்தாலோ, காலை 5 மணி பஸ்ஸில் கிளம்பித் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருந்தாலோ சில புள்ளிகள் குறையும். அதனால்தான் நல்ல ரிப்போர்ட்டில் சோதனையின்போது பிள்ளை எப்படி இருந்தது என்று ஒரு பத்தி இருக்கும். எண்களுக்கு முன் அந்தப் பத்தியைப் படிப்பது நல்லது. பிள்ளையைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும், அது உண்மையா இல்லையா என்று.

எந்த மொழியில் டெஸ்ட் எடுத்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தென் மாவட்டங்களில் இதுதான் பெரிய கேள்வி.

ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. தெருவில் தமிழ். பள்ளியோ மெட்ரிக் என்றால் ஆங்கில வழி. 8 வயதுப் பிள்ளைக்கு மூன்று மொழி. இந்தப் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்க வைத்து, தடுமாறுவதைப் பார்த்து டிஸ்லெக்ஸியா என்று எழுதினால், அது குறைபாட்டைக் காட்டுகிறதா, ஆங்கிலம் பழகாததைக் காட்டுகிறதா? டிஸ்லெக்ஸியா இருந்தால் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியின் எழுத்திலும் தடுமாற்றம் இருக்கும், அதன் உருவம்தான் மாறும். ஆகவே தமிழிலும் சோதித்தார்களா என்று ரிப்போர்ட்டில் தேட வேண்டும். இல்லையென்றால் நிபுணரிடம் கேட்க வேண்டும். இந்திய மொழிகளுக்கென்றே ஹரியானா மனேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 'டாலி' என்ற சோதனையை 2015ல் வெளியிட்டபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய 4 மொழிகளில்தான் வந்தது. அந்த முதல் பட்டியலில் தமிழ் இல்லை.

தமிழ் எழுத்துக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்து. தமிழில் 247. உருவங்கள் அதிகம் என்றாலும் ஓர் எழுத்துக்கு அனேகமாக ஓர் ஒலி என்பதால், ஆங்கிலத்தை விட எழுத்துக்கூட்டி வாசிப்பது எளிது. சிரமம் வேறு இடத்தில் வரும். 'கொ' என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாய் முதலில் சொல்வதோ 'க்'. நடுவில் க, இரண்டு பக்கமும் கொம்பும் காலும். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது சில பிள்ளைகளுக்கு 5ஆம் வகுப்பிலும் கைவராது. 'பேருந்து' என்பதை 'பெரு...ந்...து' என்று ஒவ்வொன்றாக இழுத்து, முடிவுக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும்.

இன்னொரு பக்கம், பிள்ளை 'பழம்' என்பதை 'பளம்' என்று எழுதினால் உடனே பதற வேண்டியதில்லை. ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் பேச்சிலேயே இருக்கின்றன. பெரியவர்களே தப்பாகத்தான் எழுதுகிறார்கள். இந்தப் பிழையை மட்டும் வைத்து ரிப்போர்ட்டில் முடிவு எழுதியிருந்தால் சந்தேகப்படலாம். எழுத்துகள் விடுபடுவது, மெய்யெழுத்துப் புள்ளி தொலைவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

அரசுப் பள்ளிகளில் 2022 ஜூன் முதல் 1 முதல் 3 வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'அரும்பு' நிலையில் இருக்கும் பிள்ளைக்கெல்லாம் கற்றல் குறைபாடு என்று அர்த்தம் இல்லை. அடிக்கடி லீவு, இடம் மாறிப் போனது, முன்பருவக் கல்வி கிடைக்காதது என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். தனிக் கவனம் கொடுத்து 6 மாதம் சொல்லிக்கொடுத்தும் நகரவில்லை என்றால்தான் சந்தேகம் வலுக்கிறது. உலக அளவில் பின்பற்றப்படும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடும் இந்த 6 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடக்கூடாது. பிள்ளையின் 3ஆம் வகுப்பு நோட்டும் 5ஆம் வகுப்பு நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் மேசையில் இருந்தால், மீட்டிங்கில் பாதிப் பேச்சு தேவையே இருக்காது.

85 என்ற கோடு

எல்லோருக்கும் 98 வருவதில்லை. 2018 வழிகாட்டுதலின்படி ஐ.க்யூ 85க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போவார்கள். 70க்குக் கீழே இருந்தால் அறிவுசார் குறைபாடு என்ற வேறு வழி திறக்கும். நடுவில் 78 அல்லது 82 எடுத்த பிள்ளை? அதற்கு எந்தப் பெயரும் கிடைக்காது, சான்றிதழும் கிடைப்பது கஷ்டம். வகுப்பில் அதிகம் திணறும் பிள்ளைகளில் பலர் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வழிகாட்டுதலின் பலவீனமான இடம் இது என்றுதான் சொல்ல வேண்டும். ஐ.க்யூவுக்கும் வாசிப்புக்கும் உள்ள இடைவெளியைக் கட்டாய நிபந்தனையாக வைப்பதை மேலே சொன்ன அமெரிக்கக் கையேடு 2013லேயே விட்டுவிட்டது.

இந்த எண் வந்தவர்கள் இரண்டு விஷயம் கேட்கலாம். ஒன்று, மொழிப் பகுதி மட்டும் தாழ்ந்து மொத்த எண்ணைக் கீழே இழுத்திருக்கிறதா? வாசிக்காத பிள்ளைக்குச் சொற்களும் பொது அறிவும் குறைவாகத்தான் இருக்கும். குறைபாட்டின் விளைவே ஐ.க்யூவைக் குறைத்துக் காட்டக்கூடும். இரண்டு, சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் வகுப்பறை உதவிக்கு என்ன தடை? போர்டில் இருப்பதை எழுதிக்கொள்ளக் கூடுதலாக 5 நிமிடம் கொடுப்பதற்கு எந்த அரசு முத்திரையும் தேவையில்லை.

40 சதவீதம் இல்லையென்றால் உரிமையே இல்லை என்று சொல்வதையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எழுதும்போது கை இறுகும் பிரச்சினை இருந்த யு.பி.எஸ்.சி. தேர்வர் ஒருவரின் வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பு வந்தது. 40 சதவீத அளவை எட்டாதவர்களுக்கும் தேவை இருந்தால் எழுத்தர் வசதி கிடைக்க வேண்டும் என்று அது சொன்னது.

மீட்டிங்கில் என்ன கேட்பது?

ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதி பரிந்துரைகள். சில ரிப்போர்ட்டுகளில் "சிறப்புக் கல்வி தேவை" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அப்படியானால் மீட்டிங்குக்கு முன்பே நிபுணரிடம் "பள்ளியில செய்ய வேண்டியதைத் தனியா எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்குவது உத்தமம். ஒரு பக்கம், தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. ஹெச்.எம்.மும் டீச்சரும் 6 பக்க ஆங்கில ரிப்போர்ட்டை மீட்டிங்கில் உட்கார்ந்து வாசிக்கப் போவதில்லை.

கேட்கும் உதவி சிறியதாகவும் நாளைக்கே செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். "என் பையனைப் பார்த்துக்கோங்க சார்" என்றால் "கண்டிப்பாம்மா" என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்ல வேண்டாம். அறிவியல் பேப்பரில் எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க வேண்டாம். போர்டில் எழுதியதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள விடுங்கள். கேள்வித்தாளை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். யூனிட் டெஸ்ட்டில் பாதிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லட்டும். இப்படிக் கேட்டால் "ஆகும்", "ஆகாது" என்று பதில் வந்தே தீரும்.

கூடவே வாசிப்புப் பயிற்சி. அதைக் கேட்காமல் சலுகை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் பிள்ளைக்கு நஷ்டம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். "மீட்டிங்குக்கு அவங்களையும் கூப்பிடுங்க சார்" என்று முன்கூட்டியே கேட்கலாம். வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்பதை எண்ணாகவே வாங்க வேண்டும். ஒரு பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றி வருவதுதான் நிலைமை. தொடக்க நிலையில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கணக்குச் சொல்லியிருக்கிறது. நடைமுறைக்கும் அதற்கும் தூரம் இருக்கிறது. அதனால் தேதி போட்டுக் கேட்பது இன்னும் அவசியம்.

தனியார் பள்ளி என்றால் "எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்லையே" என்பார்கள். 2016 சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அதற்கேற்ற கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்ற வரி அதில் இருக்கிறது. ஆனால் பள்ளிகள் இதைச் செய்ய அரசு 'முயற்சி எடுக்க வேண்டும்' என்ற அளவில்தான் சட்டத்தின் வாசகம் நிற்கிறது. கறாரான கட்டளையாக எழுதப்படவில்லை. அந்தச் சந்தில்தான் பல பள்ளிகள் நழுவுகின்றன.

"டி.சி. வாங்கிக்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க" என்று சொன்னால்? அங்கே சட்டம் கறாராகவே இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது 8ஆம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. பெற்றோராக எழுதிக் கேட்காத வரை டி.சி. கொடுக்கப்பட மாட்டாது என்ற நம்பிக்கையோடு பேசலாம். கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வரக்கூடாது.

ரிப்போர்ட் முழுவதையும் பள்ளிக்குக் கொடுக்க வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். குடும்ப விவரம், பிரசவ காலச் சிக்கல், வீட்டுச் சண்டை என்று பள்ளிக்குத் தேவையில்லாத தகவல்களும் அதில் இருக்கும். முடிவும் பரிந்துரையும் உள்ள பக்கங்களின் நகல் போதும். ஒரிஜினல் வீட்டில்தான் இருக்க வேண்டும். அடுத்த 8 வருடத்துக்கு அது தேவைப்படும்.

பேசி முடித்த அன்றே, ஒத்துக்கொண்ட விஷயங்களை ஒரு தாளில் எழுதி ஹெச்.எம்.மிடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். இது சண்டை போடுவதற்காக இல்லை. ஜூன் மாதம் புது டீச்சர் வருவார், அவருக்கு எதுவும் தெரியாது.

எழுத்தில் இருந்தும் அறையில் இருப்பவருக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2021 நீட் தேர்வே உதாரணம். டிஸ்கிராஃபியா உள்ள, 40 சதவீதச் சான்று வைத்திருந்த மாணவி ஒருவருக்கு விதிப்படி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும். தேர்வு மையத்தில் கொடுக்கவில்லை. மற்றவர்களோடு சேர்த்து விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று நவம்பர் 23 அன்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. என்ன நிவாரணம் தரலாம் என்று பரிசீலிக்கும்படி தேர்வு முகமைக்குச் சொன்னது. இழந்த அந்த ஒரு மணி நேரம் திரும்பி வரவில்லை.

ரிப்போர்ட் வேறு, சான்றிதழ் வேறு

தனியார் நிபுணரின் ரிப்போர்ட்டை வைத்து வகுப்பறை உதவி கேட்கலாம். பொதுத்தேர்வுச் சலுகைக்கு அது மட்டும் போதாது. அரசு மருத்துவக் குழுவின் மாற்றுத்திறனாளி சான்றும், யு.டி.ஐ.டி. அட்டையும் வேண்டும். விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டு, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். மாவட்டத் தலைநகரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்காக வட்டார அளவில் மருத்துவ மதிப்பீட்டு முகாம்களும் அவ்வப்போது நடக்கும். முகாம் தேதி ஹெச்.எம்.முக்குத் தெரியும், கேட்டு வைத்துக்கொண்டால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம்.

10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்ஸியா உள்ள மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் கொடுக்கிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். எல்லாச் சலுகையையும் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. கணக்கில் கெட்டிக்காரனாக இருக்கும் பிள்ளைக்கு, தான் சொல்வதை இன்னொருவர் எழுதுவது தொந்தரவாகக்கூட இருக்கும். அவனுக்குக் கூடுதல் நேரம் மட்டும் போதும். எது வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டு, அதை 8, 9ஆம் வகுப்புத் தேர்வுகளிலேயே பழக்கிப் பார்ப்பது நல்லது.

வயதுக் கணக்கையும் மறக்கக்கூடாது. 2018 வழிகாட்டுதலின்படி 8 வயதுக்கு மேல்தான் சான்று கிடைக்கும். 14 வயதில் மறுபடியும் சோதனை, 18 வயதில் இன்னொரு முறை. 18ல் கிடைப்பது ஆயுளுக்கும் செல்லும். வழிகாட்டுதல்கள் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டிருப்பதால், விண்ணப்பிக்கும்போது இப்போதைய நடைமுறை என்ன என்று மருத்துவக் குழுவிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

மடவார் வளாகத்துப் பையனுக்கு இப்போது 10. அவனுக்கு 14 வயது ஆகும்போது 9ஆம் வகுப்பில் இருப்பான். பொதுத்தேர்வுக்கான சலுகை விண்ணப்பம் அடுத்த வருடமே போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் "முதல்ல எப்போ கண்டுபிடிச்சீங்க, என்ன பயிற்சி கொடுத்தீங்க?" என்று கேட்பார்கள். இந்த வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் ஹெச்.எம். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அந்த நகலும் அப்போது ஃபைலில் இருக்க வேண்டும்.